வீட்டுக்கு லேமினேட் தரை: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, ஓசூர் முதல் தருமபுரி வரை வீடுகளுக்கு லேமினேட் தரை போட்டுத் தருவது என் வேலை. போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டுவிட்டு, பதிலை மட்டும் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். விற்பவன்தானே என்று சந்தேகப்பட வேண்டாம். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

லேமினேட்டுங்கிறது மரமா, பிளாஸ்டிக்கா?

பெரும்பகுதி மரம்தான், ஆனால் பலகையாக அறுத்த மரம் இல்லை. ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கெட்டியாகத் தெரிவது எச்டிஎஃப். மரத்தை நாராக அரைத்து, பிசின் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய அட்டை அது. அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த காகிதம். காகிதத்துக்கு மேல் மெலமைன் பிசினும் அலுமினியம் ஆக்சைடு துகளும் சேர்ந்த நிறமில்லாத படலம். பலகை வளையாமல் இருக்க அடியில் இன்னொரு படலம். ஆக, நீங்கள் ஆசையாகத் தடவிப் பார்க்கும் தேக்கு ரேகை ஒரு போட்டோதான்.

போட்டோ என்பதால் ஒரே கணு, ஒரே சுழி திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் போடும்போது மூன்று நான்கு பெட்டிகளைச் சேர்த்துப் பிரித்துக் கலந்து எடுக்கச் சொல்வது. ஒரே பெட்டியிலிருந்து வரிசையாக எடுத்துப் போட்டால் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்கும்போது ஒரே கணு பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

இதை 1977-இல் உருவாக்கியது ஸ்வீடன் நாட்டு பெர்ஸ்டார்ப் கம்பெனி. 1980களில் பெர்கோ என்ற பெயரில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. அப்போது பசை போட்டு ஒட்டினார்கள். பசையே இல்லாமல் ஒன்றோடு ஒன்றைச் சாய்த்து மாட்டும் கிளிக் லாக் 1990களின் பிற்பாதியில் வந்தது. தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் இல்லாத குளிர்நாட்டில் பிறந்த சாமான் இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

கடையில வுடன் ஃப்ளோரிங், எஸ்பிசி, வினைல்னு என்னென்னவோ சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. நம் பக்கம் கடைகளில் மர டிசைன் இருந்தாலே வுடன் ஃப்ளோரிங் என்று சொல்லிவிடுகிறார்கள். எஸ்பிசி என்பது கல் தூளும் பிவிசியும் சேர்ந்தது. மர நார் கிடையாது, தண்ணீரில் ஊறாது. ஷீட்டாகவோ பட்டையாகவோ ஒட்டுகிற வினைலும் பிளாஸ்டிக் வகைதான். எஞ்சினியர்டு வுட் என்பது மேலே உண்மையான மரத்தின் மெல்லிய ஏடு ஒட்டியது. விலை கூட.

பில்லில் லேமினேட் என்று எழுதியிருக்கிறதா, எஸ்பிசி என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் துண்டின் வெட்டுப் பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். லேமினேட் என்றால் பொடி நார் வரும். எஸ்பிசி சாம்பல் நிறத்தில் வழவழப்பாக இருக்கும். கையில் தூக்கினால் தடிமனுக்கு மீறிய கனமும் தெரியும்.

எங்க ஊர் வெயிலுக்கும் குளிருக்கும் இது தாங்குமா?

வெயில் பிரச்சினை இல்லை. எச்டிஎஃப் சூட்டுக்கு அசைவதைவிடக் காற்றில் உள்ள ஈரப்பதத்துக்குத்தான் அதிகம் அசையும். மழைக்காலத்தில் கொஞ்சம் விரியும், பங்குனி சித்திரையில் கொஞ்சம் சுருங்கும். அதற்கு இடம் விட்டுப் போட்டால் போதும். மேற்கு ஜன்னல் வழியாக நேராக வெயில் விழும் இடத்தில் மட்டும் நாளடைவில் நிறம் மங்கலாம். ஒரு திரை போட்டுவிடுங்கள்.

ஆனால் காலுக்கு எப்படி இருக்கும் என்பது ஊருக்கு ஊர் வேறு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி தை மாதக் காலையில் கிரானைட் தரையில் வெறுங்காலை வைத்தால் சுரீர் என்று ஏறும். லேமினேட் காலிலிருந்து சூட்டை அவ்வளவு வேகமாக இழுக்காது, அதனால் அந்தச் சில்லிப்பு இருக்காது. வயதானவர்கள், தவழும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி. தருமபுரி, அரூர், ஊத்தங்கரை பக்கம் கதை நேர் எதிர். அங்கே கோடையில் மதியம் தரையில் துண்டை விரித்துப் படுப்பதே குளிர்ச்சிக்காகத்தான். லேமினேட் தரையில் அந்தச் சுகம் கிடைக்காது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

எந்தெந்த ரூமுக்குப் போடலாம்?

படுக்கையறை, பிள்ளைகள் படிக்கும் அறை, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் ஆபீஸ் அறை. மாடியில் இருந்தால் இன்னும் நல்லது. ஹால் உங்கள் வீட்டுப் பழக்கத்தைப் பொறுத்தது. பண்டிகைக்குப் பண்டிகை கழுவிவிடும் ஹால் என்றால் வேண்டாம்.

சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், பால்கனி, வாசல் பக்கம் கூடவே கூடாது. பூஜை அறைக்கும் நான் போடுவதில்லை. எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம். ஆனால் ஈரக்கோலம், கற்பூரத் தட்டின் சூடு, அபிஷேகத் தண்ணீர் எல்லாம் சேரும் இடம் அது. ஓட்டு வீடு, சிமெண்ட் ஷீட் போட்ட வீடு என்றால் கூரை ஒழுகாது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்கூட யோசிப்பேன்.

தரையில ஏற்கெனவே கிரானைட் இருக்கு. அதுக்கு மேல போடலாமா?

முடியும். ஆனால் ஏன் போட வேண்டும்? பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கம் வெட்டுகிற கறுப்புக் கல்லும், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரடைசோ கல்லும் கடல் தாண்டிப் போகின்றன. அந்தக் கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதன் மேல் மரப்படம் ஒட்டிய அட்டையைப் போட்டு மறைக்க எனக்கு மனசு வராது. பாலிஷ் மங்கிவிட்டது என்றால் மெஷின் வைத்துத் திரும்பப் பாலிஷ் போடுங்கள், கல் புதுசாகிவிடும். படுக்கையறையில் மட்டும் குளிர் தாங்கவில்லை என்றால் அந்த ஓர் அறைக்கு லேமினேட் போடுங்கள். அது நியாயம்.

பழைய டைல்ஸை உடைக்காம மேலேயே போட முடியுமா?

முடியும், அதுதான் லேமினேட்டின் பெரிய வசதி. டைல்ஸ், மொசைக், ரெட் ஆக்சைடு எதன் மேலும் போடலாம். அடித்தரையில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலில் உறுதி. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக்கொண்டே போங்கள். டக் என்று கேட்டால் சரி, டொங் என்று உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்டால் அந்த டைல்ஸ் விட்டுப்போயிருக்கிறது. அதை எடுத்து மறுபடி ஒட்டிவிட்டுத்தான் மேலே வேலை.

அடுத்தது மட்டம். இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியப் பட்டையைத் தரையில் வைத்து எல்லாத் திசையிலும் திருப்பிப் பாருங்கள். அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சந்து தெரிந்தால் பள்ளத்தை நிரப்பவோ மேட்டைத் தேய்க்கவோ வேண்டும். தரை முழுக்க ஒரே பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் பரவாயில்லை, மேடு பள்ளம்தான் ஆகாது. கொத்தனார் ரசமட்டம் வைத்துச் சரியாக இருக்கிறது என்று சொன்னால் அது சரிவுக்கான கணக்கு. நமக்கு வேண்டியது வேறு கணக்கு.

மூன்றாவது ஓதம், அதாவது அடியிலிருந்து ஏறும் ஈரம். தரைத்தளத்து வீடுகளில் இது முக்கியம். ஒரு மீட்டர் சதுரத்துக்குப் பாலித்தீன் ஷீட்டை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பிரித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ லேமினேட் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பெயிண்ட் பொரிந்து உப்புப் பூத்திருந்தால் சோதனைகூடத் தேவையில்லை.

புது வீடு. கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி போடணுமா, அப்புறமா?

அப்புறம். மாடு உள்ளே வரும், ஹோமம் வளர்ப்பார்கள், பால் பொங்கி வழியும், நூறு பேர் செருப்போடும் ஈரக்காலோடும் நடப்பார்கள். எல்லாம் முடியட்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. புதிதாகப் போட்ட கான்கிரீட்டும் பூச்சும் வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். பெயிண்ட், எலக்ட்ரிக்கல், வார்ட்ரோப், கதவு எல்லா வேலையும் முடிந்து கடைசியாகத்தான் லேமினேட் வர வேண்டும். பெயிண்டர் ஏணி நிற்கும் வீட்டில் போட்ட தரை, ஏணித் தடத்தோடுதான் குடிவரும்.

8 எம்எம் போதுமா, 12 எம்எம் வேணுமா? ஏசி 4, ஏசி 5-ன்னா என்ன?

இந்த ஏசி குளிரூட்டும் ஏசி இல்லை, மேல்படலம் எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதற்கான ஐரோப்பியத் தர எண். வீட்டு அறைகளுக்கு ஏசி 3 போதும். நடமாட்டம் அதிகமுள்ள ஹாலுக்கு ஏசி 4. ஏசி 5 கடைகளுக்கும் ஆபீஸ்களுக்குமானது. வீட்டுக்கு அதைப் போட்டால் தப்பில்லை, அவசியமும் இல்லை.

தடிமன் வேறு விஷயம். தடித்த பலகை நடக்கும்போது கெட்டியாக உணரவைக்கும், சத்தம் குறையும், மாட்டும் பல் உறுதியாக இருக்கும். அதற்காக 12 எம்எம் பலகை அதிகம் தேயாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தேய்மானம் மேல்படலத்தின் கதை. படுக்கையறைக்கு நல்ல 8 எம்எம் பலகையும் சரியான அடித்தரையும் போதும் என்பது என் கருத்து. மீதமாகும் காசை நல்ல ஸ்கர்ட்டிங்குக்கு, அதாவது சுவரின் அடியோரம் அடிக்கும் பட்டைக்கு, போடுங்கள்.

உள்ளே பச்சை கலர்ல இருந்தா வாட்டர்ப்ரூஃப்னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமா?

பச்சை நிறம் வெறும் சாயம். ஈரம் தாங்கும்படி தயாரித்த பலகைக்கு அடையாளமாகச் சில கம்பெனிகள் சாயம் போடுகின்றன. சாயம் மட்டும் போட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். சோதிப்பது சுலபம். வாங்கும் முன் ஒரு சாம்பிள் துண்டு கேளுங்கள். ஸ்கேல் வைத்துத் தடிமனைக் குறித்துக்கொண்டு, ஒரு கிண்ணத் தண்ணீரில் வெட்டுப் பக்கம் மூழ்கும்படி ராத்திரி முழுக்கப் போட்டுவையுங்கள். காலையில் மட்டமான சரக்கு டீயில் முக்கிய பன் மாதிரி ஓரத்தில் உப்பியிருக்கும். நல்ல சரக்கும் கொஞ்சம் உப்பத்தான் செய்யும். எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். சாம்பிள் தர மறுக்கும் கடையில் எனக்கு வேலை இல்லை.

பிசின் வாடையையும் அப்போதே முகர்ந்து பாருங்கள். எச்டிஎஃப் பிசினில் ஃபார்மால்டிஹைடு என்ற, கண்ணையும் மூச்சையும் உறுத்தும் ரசாயனம் இருக்கும். பெட்டியில் ஈ1 அல்லது அதைவிடக் குறைந்த வெளியீட்டுத் தரம் அச்சிட்டிருக்க வேண்டும்.

எத்தனை பெட்டி வாங்கணும்?

நீளம் 1215, அகலம் 195 மில்லிமீட்டர் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவுகளில் ஒன்று. அப்படிப்பட்ட 8 பலகை கொண்ட பெட்டி சுமார் 20.4 சதுர அடி வரும். உங்கள் அறை 11-க்கு 12 என்றால் 132 சதுர அடி. வெட்டுச் சேதாரம் எட்டு சதவீதம் சேர்த்தால் 142 தாண்டும், ஏழு பெட்டி. அதோடு இன்னொரு பெட்டி வாங்கிப் பரணில் படுக்கை வாக்கில் வையுங்கள். நாளைக்கு இரண்டு பலகை மாற்ற வேண்டி வந்தால் அதே டிசைன் கடையில் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கம்பெனிகள் டிசைன்களை மாற்றிக்கொண்டே இருக்கின்றன.

விலை கேட்கும்போது பலகைக்கு அடியில் விரிக்கும் ஃபோம், ஸ்கர்ட்டிங், வாசற்படியில் இடைவெளியை மூடும் ப்ரொஃபைல் பட்டை, கூலி, ஜிஎஸ்டி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். பலகை விலையை மட்டும் சொல்லி உங்களை உட்காரவைத்துவிட்டு, மற்றதைப் பிறகு ஒவ்வொன்றாக எடுப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம்.

நாங்களே போட்டுக்க முடியுமா அண்ணா? வீடியோ பார்த்தா சுலபமாத்தான் இருக்கு.

சதுரமான, காலியான ஓர் அறை என்றால் கைவேலைப் பழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். முதலில் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கை வாக்கில் வைத்திருங்கள். அறையின் ஈரப்பதத்துக்குப் பலகை பழகட்டும். தரைத்தளம் என்றால் 200 மைக்ரான் பாலித்தீனை விரித்து, ஒரு ஷீட் மேல் இன்னொன்று 20 சென்டிமீட்டர் ஏறும்படி போட்டு டேப் ஒட்டுங்கள். அதன் மேல் 2 அல்லது 3 எம்எம் ஃபோம். இரண்டு ஃபோம் போட்டால் மெத்தென்று இருக்கும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். செய்யாதீர்கள், மிதிக்கும்போது பல் அசைந்து அசைந்து உடையும்.

அடுத்து, எல்லோரும் தாண்டிப் போகிற கணக்கு ஒன்று இருக்கிறது. 11 அடி அகலம் என்பது 3353 மில்லிமீட்டர். இரண்டு சுவரோரமும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் மீதி 3333. அதில் 195 அகலப் பலகை 17 வரிசை போட்டால் 3315. மிச்சம் 18 மில்லிமீட்டர். அந்த விரல் அகலத் துண்டை வெட்டவும் முடியாது, மாட்டவும் முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி வரிசையில்தான் இது தெரியவரும். முன்பே கணக்குப் போட்டிருந்தால் நடுவில் 16 முழு வரிசை, முதல் வரிசையும் கடைசி வரிசையும் 106 மில்லிமீட்டர் என்று அழகாகப் பிரித்திருக்கலாம். ஓர வரிசை 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

வெட்டும்போது கைரம்பம் என்றால் டிசைன் பக்கம் மேலே. ஜிக்ஸா மெஷின் என்றால் டிசைன் பக்கம் கீழே, ஏனென்றால் அதன் பல் மேல் நோக்கி வெட்டும். மாற்றிப் போட்டால் ஓரம் பொரிந்துவிடும். அலுமினியம் ஆக்சைடு படலம் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும், இரண்டு மூன்று பிளேடு கையில் இருக்கட்டும். ஒரு வரிசையின் குறுக்கு மூட்டுக்கும் அடுத்த வரிசையின் மூட்டுக்கும் 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பலகையைச் சாய்த்து நுழைத்துக் கீழே அமுக்கினால் ஒரு கிளிக் கேட்கும். கேட்கவில்லை என்றால் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள், தட்டுக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். விரலைக் குறுக்கே ஓட்டினால் மூட்டு தட்டுப்படவே கூடாது. தட்டுப்பட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கும், கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கதவுகளை மறக்காதீர்கள். பலகையும் ஃபோமும் சேர்ந்து 10 மில்லிமீட்டர் ஏறும். கதவைக் கழற்றி அடியை இழைக்க ஆசாரியை முன்பே சொல்லி வையுங்கள்.

சுவரோரம் ஏன் இடைவெளி விடணும்? இடுக்கு இல்லாம நெருக்கமாப் போட்டா அழகாத்தானே இருக்கும்?

இந்தத் தரை எதிலும் ஒட்டாமல், ஆணி அடிக்காமல், ஒரே தட்டாகச் சும்மா கிடக்கிறது. ஐப்பசி மழையில் விரியும்போது நகர இடம் வேண்டும். சுவரை முட்டினால் வேறு வழியில்லாமல் நடுவில் உப்பி எழும்பும். தரை உப்பிடுச்சு, பலகை மோசம் என்று வரும் போன்களில், போய் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிப் பார்த்தால் பல இடங்களில் பலகை சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓரத்தை வெட்டி இடைவெளி கொடுத்தால் சில நாளில் தானாக அமர்ந்துவிடும்.

இடைவெளி 8 முதல் 12 மில்லிமீட்டர். கதவு நிலை, தூண், பைப் எல்லாவற்றைச் சுற்றியும் விட வேண்டும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு ஒரே ஓட்டமாக இழுக்காமல் வாசற்படியில் டி வடிவ ப்ரொஃபைல் கொடுத்துப் பிரித்துவிடுங்கள். ஸ்கர்ட்டிங்கைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், தரையில் அடிக்கக் கூடாது.

பெரிய இரும்பு பீரோ, கட்டில் எல்லாம் வைக்கலாமா?

வைக்கலாம். இழுக்காமல் தூக்கி வையுங்கள், காலுக்கு அடியில் ஃபெல்ட் ஒட்டுங்கள். சுவரோடு செய்த வார்ட்ரோபை மட்டும் லேமினேட் மேல் நிறுத்தக் கூடாது, தரை நகர முடியாமல் போகும். வார்ட்ரோப் முதலில், அதன் ஓரம் வரை தரை பிறகு. அம்மி, ஆட்டுக்கல் சமையலறையிலேயே இருக்கட்டும்.

எங்க அத்தை தினமும் வாளி நிறையத் தண்ணி வச்சு மாப் போடுவாங்க. சொன்னாலும் கேட்க மாட்டாங்க. தரை என்ன ஆகும்?

ஒரு வருஷத்துக்குள் மூட்டுகள் எல்லாம் எழும்பும். மேல்படலத்தில் தண்ணீர் நின்றால் ஒன்றும் ஆகாது. மூட்டுக்குள் இறங்கினால்தான் எச்டிஎஃப் ஊறும். ஊறி உப்பிய ஓரம் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத வரப்பு ஒவ்வொரு மூட்டிலும் நிழலாகத் தெரியும். அது தொடக்கம்.

அத்தையை மாற்ற முடியாது, மாப்பை மாற்றலாம். தட்டையான மைக்ரோஃபைபர் மாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள். தினமும் உலர்ந்த துடைப்பு, வாரம் ஒருமுறை ஈரத்துடைப்பு. துணியைப் பிழிந்தால் சொட்டே விழக் கூடாது. துடைத்த இடம் ஒரு நிமிஷத்துக்குள் காய வேண்டும். ஃபினாயிலைத் தரையில் நேராக ஊற்றுவது, ஸ்டீம் மாப், மெழுகு பாலிஷ் எதுவும் வேண்டாம்.

துடைக்கிற தண்ணீரும் முக்கியம். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்ததும் வெள்ளைப் படலம் தங்கும். கறுப்பு, காப்பி நிறத் தரையில் அது பளிச்சென்று தெரியும். ஃபுளோரைடு தொல்லைக்காகக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறது என்றால் அதில் ஒரு சொம்பு எடுத்தால் போதும். ஈரத்துடைப்புக்கு அதற்கு மேல் தண்ணீர் தேவைப்படாது.

தினமும் கழுவினால்தான் வீடு என்று நினைக்கும் குடும்பம் என்றால், மனதைத் தேற்றிக்கொண்டு எஸ்பிசி அல்லது டைல்ஸ் பக்கம் போய்விடுங்கள். உங்களிடம் லேமினேட் விற்காததால் எனக்கு ஒரு ஆர்டர் போகும். விற்றால் நல்ல பெயர் போகும்.

தண்ணி கொட்டிடுச்சு. இப்ப என்ன செய்யணும்?

ஒரு டம்ளர் என்றால் உடனே துடைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள், ஒன்றும் ஆகாது. வாளி கவிழ்ந்தாலோ ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து ராத்திரி முழுக்கத் தேங்கினாலோ தண்ணீர் அடியில் போயிருக்கும். மேலே காய்ந்துவிட்டதே என்று விடாதீர்கள். பாலித்தீனுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிய தண்ணீர் வெளியே வர வழியே கிடையாது. அன்றைக்கே ஓர ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, அந்தப் பக்கத்து வரிசைகளைப் பிரித்து, ஃபோமையும் தூக்கி உலர்த்த வேண்டும். கிளிக் லாக்கின் நன்மையே இதுதான், பிரித்துத் திரும்ப மாட்டலாம்.

படுக்கையறையில் அதிகம் கெடுப்பது ஸ்பிளிட் ஏசிதான். அதன் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவரோடு சத்தமில்லாமல் வழிந்து நேராக ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் இறங்கும். கோடை தொடங்கும் முன் ஏசியைச் சர்வீஸ் செய்வதோடு அந்தக் குழாயையும் ஊதிவிடச் சொல்லுங்கள். அறையோடு சேர்ந்த குளியலறை இருந்தால் அதன் வாசலில் கிரானைட் பட்டையை அரை அங்குலம் உயர்த்திப் பதித்து, லேமினேட் ஓரத்தைச் சிலிக்கான் வைத்து அடைக்க வேண்டும். ஈரக்காலுக்கு ஒரு மிதியடியும் அவசியம்.

கரையான் வருமா?

மர நார்தானே, வரும். செம்மண் பூமி, தரைத்தளம், பக்கத்தில் மாந்தோப்பு என்றால் கூடுதல் கவனம். போடும் முன் சுவரோரம் துளைபோட்டு மருந்து அடிக்கும் கரையான் சிகிச்சையை முடித்துவிடுங்கள். பழைய வீட்டில் கதவு நிலையிலோ சுவரிலோ மண்கோடு ஏறியிருந்தால், அதைத் தீர்க்காமல் லேமினேட் போடுவது கரையானுக்கு விருந்து வைப்பதுதான். மாடி அறைகளுக்கு இந்தப் பயம் குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது.

கீறல், கறை?

மஞ்சள், குழம்பு, எண்ணெய், பேனா மை எல்லாம் பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். நெயில் பாலிஷை அதன் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு எடுக்கலாம். ஊதுபத்தி நெருப்பு சீக்கிரம் எடுத்துவிட்டால் தழும்பு விடாது. இஸ்திரிப் பெட்டி விட்டுவிடும். கீறல் பெரும்பாலும் வாசலிலிருந்து காலோடு வரும் மணலால் வருவது, ஒரு கால்மிதி பாதி வேலையைச் செய்யும். சின்னக் கீறலுக்கு அதே நிற மெழுகுக் குச்சி கிடைக்கிறது. ஆழமாக விழுந்தால் பலகையை மாற்றுவதுதான் வழி. இழைத்துப் பாலிஷ் போட முடியாது, இழைத்தால் போட்டோ போய்விடும்.

நடந்தா டொக் டொக்னு சத்தம் வருது.

கொஞ்சம் சத்தம் இதன் இயல்பு. ஓரிடத்தில் மட்டும் கிறீச்சிட்டாலோ அமுங்கி எழுந்தாலோ அடியில் பள்ளம் இருக்கிறது. அந்த இடம் வரை பிரித்து நிரப்ப வேண்டும். ஓட்டை போட்டு ஊசியில் பசை ஏற்றுகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

ஓசூர்ல வாடகை ஃபிளாட். போட்டுட்டு காலி பண்ணும்போது எடுத்துக்கிட்டுப் போகலாமா?

எடுக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு அறை அளவு வேறாக இருக்கும், வெட்டிய துண்டுகள் பொருந்தாது. கழற்றும்போது சில பற்கள் உடையும். பெரிய அறையிலிருந்து சின்ன அறைக்குப் போனால் லாபம். வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டு, ஸ்கர்ட்டிங்குக்குச் சுவரில் துளை போடாமல் ஒட்டுகிற வகையாகப் பார்த்துப் போடுங்கள்.

பெங்களூருல விலை குறைவுன்னு சொல்றாங்களே, அங்கேயே வாங்கிட்டு வரலாமா?

டிசைன் அதிகம் பார்க்கலாம், விலையும் சில சமயம் குறையும். ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள், வாரண்டி கேட்கும்போது அதுதான் ஆதாரம். வாரண்டித் தாளை அங்கேயே படியுங்கள். இருபது வருஷம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், தண்ணீரால் வரும் சேதம் சேராது என்று சின்ன எழுத்தில் இருக்கும். வண்டியில் பெட்டிகளைப் படுக்க வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிற்கவைத்தால் வழியில் மூலை இடித்துப் பல் நசுங்கும். தார்ப்பாயும் வேண்டும், சூளகிரி தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டால் பெட்டியே நனைந்துதான் வந்து சேரும்.

பழைய லேமினேட்டை எடுத்தா வெந்நீர் அடுப்புக்கு எரிக்கலாமா?

வேண்டாம். பிசினும் மெலமைனும் எரியும்போது வரும் புகை கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். ஈரம் படாத பலகைகளை அலமாரித் தட்டுக்கு அடியில் விரிக்கலாம், பரண் தரைக்குப் போடலாம். ஊறிப்போனவற்றைக் குப்பை வண்டியில் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.